தெரியாது என்று சொன்னவள்

1

இந்தக் கதை பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளில் தொடங்கியது. 'மனித மூலதன மதிப்பீடு' என்று மேலே போட்டிருந்தார்கள். மூலதனம் என்றால் கடை வைக்கிறவன் போடும் முதல் என்றுதான் எனக்குத் தெரியும். மனுசனை எந்தக் கடையில் போடுவார்கள்? குழப்பத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் ஆரம்பம்: 'கல்வராயன் மலைமேல் கருமேகம் கூடிய அந்த மாலையில்…'

[அடித்துவிட்டேன். எங்கள் ஊர் களமருதூரிலிருந்து மலை ரொம்ப தூரம்.]

இரண்டாவது: ஜெயம்மாளுக்கு வயசு நாற்பத்தாறு. கரும்பு வெட்டுகிறவள்.

இது போதும்.

2

டேப்லெட்டோடு வந்த பெண் அபிநயா. பக்கத்தில் கம்பெனி வரப்போகிறது, யாருக்கு என்ன தெரியும் என்று வீடு வீடாகக் கேட்டு வந்தாள்.

பக்கத்து வூட்டு தங்கதுரை காலையிலேயே சொல்லிவைத்திருந்தான். "இன்னா கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுக்கா. தெரியும்னா நூறுநாள் வேலை கார்டைப் புடுங்கிக்கினு போய்டுவாங்க."*

"எழுதப் படிக்கத் தெரியுமாக்கா?" என்று கேட்டாள் அபிநயா.

ஜெயம்மாள் போன வருசம்தான் சாயங்கால வகுப்பில் எழுத்துக் கற்றிருந்தாள்.

"தெரியாது பாப்பா."

"வேற எதாச்சும் திறன்?"

"கரும்புக் கொல்லையைப் பாத்தாலே எத்தினி லோடு தேறும்னு சொல்லிடுவேன்."

அபிநயா திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அதுக்கு எடம் இல்லக்கா. தையல் இருக்கு, டிரைவர் இருக்கு."

"அப்ப இல்லன்னே போட்டுக்க."

(* அப்படி யாரும் பிடுங்கி நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் பக்கம் கணக்கெடுக்க யார் வந்தாலும் ஒரு படி குறைத்துச் சொல்வதுதான் வழக்கம். மாடு ரெண்டிருந்தால் ஒன்று. ஒழுகாத வூடும் ஒழுகும்.)

3

[இங்கே ஒரு சந்தேகம். அத்தனை பாடுபட்டுக் கற்றவள் சட்டென்று மறைப்பாளா? மறைப்பாள். நிஜத்தில் அப்படி மறைத்தது நான்தான். என் பொய்யை அவள் தலையில் கட்டிவிட்டேன்.]

படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பயிற்சி, பிறகு ஊர் பக்கத்திலேயே வேலை என்று பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டிய அந்தத் தாளில் இருந்தது. முட்டி தேய்ந்துபோன ஜெயம்மாளால் இனிக் கட்டு சுமக்க முடியாது. விரல் வைத்து வைத்து, ஊர் முழுக்கச் சேர்த்துத் தேர்வானது நாலே நாலு பேர்தான் என்று அவளே படித்துத் தெரிந்துகொண்டாள். அவள் பேர் இல்லை. தங்கதுரை பேர் இருந்தது.

"படிக்கத் தெரியும்னு வாய்தவறி வந்துருச்சுக்கா," என்றான் அவன்.

"உனக்கு வாய் நல்லாத்தான் தவறுது."

4

அபிநயாவுக்குப் போன் போட்டாள்.

"திருத்தலாம்க்கா. நாளைக்குக் கடைசி. முன்னாடி ஏன் மாத்திச் சொன்னீங்கன்னு கைப்பட எழுதிக் குடுக்கணும்."

"எழுதிக் குடுத்தா கேஸ் கீஸ் போடுவாங்களா?"

"தெரியலக்கா. கேட்டுச் சொல்றேன்."

முடிவு ஒன்று: எழுதிக் கொடுக்கிறாள், வேலை கிடைக்கிறது. சினிமா மாதிரி இருக்கிறது.

முடிவு இரண்டு: பயந்து மறுபடி வெட்டுக்கே போகிறாள். இதை எழுத எனக்கு மனசில்லை.

முடிவு மூன்று: ஜெயம்மாள் விடியக்காலையில்

[நின்றுவிட்டது.]

5

இப்போது அவள் முன்னால் ஒரு தாள். 'எனக்குப் படிக்கத் தெரியும். தெரியாது என்று சொன்னதற்குக் காரணம்' என்பதுவரை எழுதியிருக்கிறாள். அதற்குமேல் எனக்கும் ஓடவில்லை. தங்கதுரையை இழுப்பதா? பயம் என்பதா? யாரைப் பார்த்து பயம் என்று கேட்டால்?

நீங்கள் படித்தவர்கள். அவளுக்கு ஒரு வரி சொல்லுங்கள். நாளைக்கு அஞ்சு மணிக்கு ஆபீஸைச் சாத்திவிடுவார்கள்.