ஒரே போனில் இரண்டு பாஸ்

என் அக்கா விபெகவும் அவள் கணவர் டோர்கிலும் பிரிந்து நாலு மாதம் கழித்து ஒன்றாகக் கோபன்ஹேகனுக்குச் சுற்றுலா போனார்கள். எங்கள் ஊரில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரான டிஸ்டெட்டில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் டோர்கில். இந்த வட்டாரத்தில் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தவர்கள். அக்கா கால்நடை மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் வேலை செய்கிறாள். பெரிய சண்டை எதுவும் அவர்களுக்குள் நடந்ததில்லை. அவர் குடிக்கிறவர் இல்லை. இன்னொருத்தியும் இல்லை. ஜனவரியில் ஒரு நாள் அக்கா துறைமுகத்துப் பக்கம் சின்ன வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அவனோட எங்க போனாலும் பரீட்சை எழுதிட்டு வர்ற மாதிரி இருக்குடா" என்றாள்.

ஏப்ரலில் டோர்கில் அவளுக்கு போன் செய்தார்.

"விபெக, அந்தக் கோபன்ஹேகன் பாஸ் இருக்குல்ல."

"எந்த பாஸ்?"

"மே மாசத்துக்குன்னு முன்னாடியே வாங்கினது. மியூசியம், அரண்மனை, படகு, பஸ், ரயில் எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதும். பணம் திரும்பத் தர மாட்டாங்களாம்."

"நீ போயிட்டு வா."

"ரெண்டு பேருக்கு வாங்கியிருக்கேன். ரெண்டும் என் போன்ல இருக்கு."

"வேற யாரையாவது கூட்டிட்டுப் போயேன்."

"யாரை?"

அக்கா யோசித்துப் பார்த்தாள். நிஜமாகவே யாரும் நினைவுக்கு வரவில்லை. அவளுக்கும் லீவு மிச்சம் இருந்தது. "தனித்தனி ரூம்" என்றாள்.

"அது மாத்தியாச்சு" என்றார் அவர்.

ரயிலில் ஸ்ட்ரூவர் ஸ்டேஷன் தாண்டியதும் அவர் விளக்க ஆரம்பித்தார். பாஸ் வாங்குவது லாபமா நஷ்டமா என்பது வாங்குகிறவன் காலில்தான் இருக்கிறது என்பது அவர் கட்சி.

"ஒரு நாளைக்கு மூணு இடம் பார்த்தா போட்ட காசு வந்துரும். நாலாவது இடத்துலேருந்து எல்லாம் ஓசி."

"எனக்கு ஒரு இடம் போதும். நிதானமா பார்க்கணும்."

"ஒரு இடத்துக்கு எதுக்கு பாஸ்? டிக்கெட்டே வாங்கியிருக்கலாமே."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் நாள் அவர் சொன்னபடியே நடந்தது. ஒவ்வொரு வாசலிலும் டோர்கில் போனை நீட்டுவார், திரையை விரலால் தள்ளுவார், இரண்டாவது பாஸைக் காட்டுவார். அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். வட்டக் கோபுரத்தின் சரிவுப் பாதையில் அவர் மேலே போய்த் திரும்பி வரும் வழியில், இன்னும் ஏறிக்கொண்டிருந்த அவளைச் சந்தித்தார். "மேல ஒண்ணும் பெருசா இல்ல, கூரைங்கதான்" என்றார். அவளுக்கோ கூரைகளைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. தோர்வால்சன் மியூசியத்தில் ஒரு பெரிய சுண்ணச் சிலைக் குதிரைக்கு முன்னால் அவள் நின்றுவிட்டாள். குதிரையின் வயிற்றுக்குக் கீழே வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் கதவருகே போய்க் கனைத்தார். அடுத்த வாசலுக்குப் போன் வேண்டும், போன் அவரிடம் இருக்கிறது. அவளும் கிளம்பினாள்.

சாயங்காலம் தள்ளுவண்டிக் கடையில் இருவரும் நின்றுகொண்டே சாஸேஜ் ரொட்டி சாப்பிட்டார்கள். "இன்னிக்கு அஞ்சு" என்றார் டோர்கில், வாயோரத்துக் கடுகு சாஸைத் துடைத்தபடி. அக்கா கால் வலிக்கிறது என்று சொல்லி அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ரோசன்போர்க் அரண்மனை வாசலில் நல்ல கூட்டம். சீட்டு பார்க்கிற பெண் டோர்கிலின் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் இதிலேயே இருக்கா? ஒண்ணை அவங்க போனுக்கு அனுப்பிடலாமே, எதுக்கு ஒட்டிக்கிட்டே நடக்கிறீங்க" என்றாள். கேட்காமலே இரண்டு இடத்தில் தட்டினாள். அக்காவின் கைப்பைக்குள் போன் சிணுங்கியது. பாஸ் வந்து சேர்ந்துவிட்டது.

உள்ளே மகுடம் வைத்திருக்கிற நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டில் அக்கா கேட்டாள்.

"இப்படி அனுப்பலாம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா நேத்து முழுக்க என்னை இழுத்துட்டு அலைஞ்ச?"

"ரெண்டா பிரிச்சா யார் எங்க போனோம்னு கணக்கு வராது."

இந்த இடத்தில் மட்டும் இருவர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. அவர் சொன்னது பொய் என்கிறாள் அக்கா. முழு உண்மை என்று டோர்கில் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். எது எப்படியோ, மகுடத்தைப் பார்த்து முடித்ததும் அக்கா, "நான் கிளிப்டோடெக் சிலை மியூசியம் போறேன். நீ உன் இஷ்டம் போல போ" என்றாள். அவர் தலையாட்டினார். தோட்டத்து வாசலில் ஆளுக்கொரு பக்கம் திரும்பினார்கள்.

டோர்கில் கால்வாய்ப் படகுக்குப் போனார். அந்தப் படகுகள் தட்டையானவை, பாலங்கள் மிகத் தாழ்வு. பாலம் வரும்போதெல்லாம் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று வழிகாட்டிப் பெண் மைக்கில் சொல்லிக்கொண்டே வந்தாள். மற்றவர்களுக்குப் பாதுகாப்பு சொல்லிக்கொடுத்தே பிழைக்கிற மனிதர், பழைய பங்குச்சந்தைக் கட்டடத்தைப் படம் எடுக்க எழுந்து நின்றார். பாலத்தின் அடிப்பக்கம் தலைக்கு வருவதைப் பார்த்துக் குனிந்தார். தலை தப்பியது. போன் கை நழுவிப் படகின் விளிம்பில் ஒரு தரம் தட்டித் தண்ணீருக்குள் போனது.

படகு கரைக்கு வந்த பிறகுதான் அவருக்கு முழுதும் உறைத்தது. பாஸ் அதற்குள். ஹோட்டல் அறையின் சாவி அதற்குள். ஊர் திரும்பும் ரயில் டிக்கெட், வங்கி, எல்லாம் அதற்குள். சட்டைப் பையில் ஒரு சீப்பு இருந்தது. வழிகாட்டிப் பெண் தன் போனை நீட்டி, "யாருக்காவது பேசுங்க" என்றாள். டோர்கிலுக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்றுதான்.

தெரியாத எண் என்று அக்கா முதலில் எடுக்கவில்லை. திரும்பவும் அடித்தது.

"யாரு?"

"நான்தான்."

"யார் போன்லேருந்து பேசுற?"

"படகுக்காரப் பொண்ணோடது. என்னோடது தண்ணிக்குள்ள போயிருச்சு."

"நீயும் விழுந்தியா?"

"இல்ல. போன் மட்டும்."

"அப்ப சரி. எங்க நிக்கிற?"

அவள் வரும்போது அவர் படகுத்துறையின் கல்தூண் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். கார் மோதின பையன்கள் போலீஸ் வரும்வரை உட்கார்ந்திருப்பது போல இருந்ததாம்.

பாஸை மீட்கலாமா என்று முதலில் சுற்றுலா அலுவலகத்தில் விசாரித்தார்கள். மீட்கலாம், ஆனால் போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சொல்ல வேண்டும். போன் கால்வாயில். புது சிம் வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போனார்கள். அங்கேயும் அவர் அவர்தான் என்று நிரூபிக்கப் பழைய போன் வேண்டும் என்றார்கள். கடையை விட்டு வெளியே வந்ததும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. டோர்கில் சிரிக்கவில்லை.

"உனக்கு வேற பாஸ் வாங்கித் தரவா?" என்று கேட்டாள்.

"மிச்சம் இருக்கிற நேரத்துக்கு வாங்கினா கட்டாது."

"அப்ப டிக்கெட் எடுத்துத் தரேன். வா, நான் பாதியில விட்டுட்டு வந்திருக்கேன்."

"ஏற்கெனவே ஒரு தடவை காசு கொடுத்தாச்சு. இன்னொரு தடவை தர முடியாது."

"நான்தானே தரப்போறேன்."

"யார் தந்தா என்ன."

முப்பது வருடம் கூட இருந்தவளுக்கு, அந்தக் குரலுக்கு மேல் பேசிப் பயனில்லை என்று தெரியும். அவர் கிளிப்டோடெக்கின் வெளிப்படியில் உட்கார்ந்தார். அவள் உள்ளே போனாள். அவசரப்படவும் இல்லை, வேண்டுமென்று தாமதிக்கவும் இல்லை. பனைமரங்கள் வளர்கிற கண்ணாடிக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடித்தாள். பிறகு ரோமானியர் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

வெளியே வந்தபோது அவர் அதே படியில் இருந்தார். அவளைப் பார்த்ததும், "என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை அவர் அதற்குமுன் கேட்டதே இல்லை என்கிறாள் அக்கா. கேட்க வேண்டிய தேவை வந்ததில்லை. எப்போதும் அவரும் உள்ளேதான் இருப்பார், அவளுக்கு முன்னாலேயே பார்த்து முடித்திருப்பார்.

"ஒரு அலமாரி முழுக்க மூக்கு" என்றாள்.

"என்ன மூக்கு?"

"பழைய சிலைங்களுக்கு மூக்கு உடைஞ்சிருக்கும்ல. ஒரு காலத்துல புது மூக்கு செஞ்சு ஒட்டினாங்களாம். அப்புறம் வந்தவங்க அது தப்புன்னு பிச்சு எடுத்துட்டாங்க. எடுத்ததைத் தூக்கிப் போட மனசு வரல போல. கண்ணாடிக்குள்ள வரிசையா வச்சிருக்காங்க."

"வெறும் மூக்கா?"

"வெறும் மூக்கு. ஒண்ணு அச்சு அசல் உன் தம்பி மூக்கு."

டோர்கில் அப்போதுதான் சிரித்தார். எது பெரியது, எது சப்பை, யார் மூக்கு யாருக்குப் பொருந்தும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவள் சொல்லிக்கொண்டே நடந்தாள். ஹோட்டல் வரை இதே பேச்சு. வரவேற்பில் அக்கா போய்ப் பேசி அவருக்கு ஒரு பிளாஸ்டிக் சாவி வாங்கிக் கொடுத்தாள்.

கடைசி நாள் அவள் மிருகக்காட்சிசாலை போக விரும்பினாள். டோர்கில் பக்கத்து பிரெடெரிக்ஸ்பெர்க் பூங்காவில் காத்திருப்பதாகச் சொன்னார். அந்தப் பூங்காவின் ஓரத்திலிருந்து பார்த்தால் வேலிக்கு அந்தப் பக்கம் யானைகள் தெரியும், யாரும் காசு கேட்பதில்லை. தலைநகரத்து ஆட்கள் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அங்கே நின்று பார்ப்பார்கள். அவருக்கு அது தெரியாது. சும்மா நடந்துபோனவர் திடீரென்று யானைக்கு முன்னால் வந்து நின்றார்.

அக்கா உள்ளே யானைகளின் மறுபக்கம் வந்தபோது, நடுவில் ஒரு பெண் யானை மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டிருந்தது. தூசி அடங்கியதும் வேலிக்கு அப்பால் பழுப்பு நிறக் கோட்டில் ஒரு ஆள் கையசைத்தான். டோர்கில் என்று அடையாளம் தெரியச் சற்று நேரம் ஆனது. அவர் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அவள் ஒட்டகம், கரடியெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் அங்கேதான் நின்றார்.

மத்தியானம் பூங்கா பெஞ்சில் அக்கா வாங்கி வந்த ஹெர்ரிங் மீனும் கறுப்பு ரை ரொட்டியும் சாப்பிட்டார்கள். அவர் பாதி ரொட்டியோடு நிறுத்தினார்.

"ஜனவரியில நீ ஏன் வீட்டை விட்டுப் போன?"

"இப்பதான் கேக்கிற."

"அப்ப கேட்டா பதில் சொல்லிருவியோன்னு பயம்."

அக்கா கையைத் துடைத்தாள். "நீ பக்கத்துல நின்னா எனக்கு எதுவுமே கண்ணுக்குத் தெரியல டோர்கில். எப்ப கிளம்பச் சொல்லுவியோன்னு காதை உன்கிட்ட வச்சிருப்பேன். நேத்தும் இன்னிக்கும் நீ வெளிய இருந்த. நல்லா பார்த்தேன். வெளிய வந்து உன்கிட்ட சொல்லவும் நல்லா இருந்துச்சு. ஆனா நீ வெளிய இருந்ததாலதான்."

அவர் கோபப்படவில்லை. "சரி" என்றார். பிறகு மீதியைச் சாப்பிட்டார். அந்த "சரி"யைக் கேட்டபோது தனக்கு அழுகை வந்தது என்று அக்கா சொன்னாள். அவரிடம் அதை அவள் காட்டிக்கொள்ளவில்லை. அவர் கவனித்திருந்தார் என்பது பின்னால் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஊர் திரும்பும் டிக்கெட்டை அவளே எடுத்தாள். வீட்டுக்கு வந்த அன்றே அவர் பணத்தைத் திருப்பித் தந்தார்.

சேர்ந்துவிடுவார்கள் என்று எங்கள் அம்மா கோடை முழுவதும் நம்பிக்கொண்டிருந்தாள். அது நடக்கவில்லை. இலையுதிர் காலத்தில் விவாகரத்து முடிந்தது. இரண்டு பேருமே அதில் தடுமாறவில்லை.

கோபன்ஹேகன் பாஸ் வாங்கலாமா என்று அவரிடம் கார் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் கேட்பதுண்டு. முன்பெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டுவார். இப்போது, "யாரோட போறே?" என்று கேட்கிறார். அதற்கு அவர்கள் என்ன பதில் சொன்னாலும், "பார்த்துக்கோ" என்கிறார்.

அக்கா இப்போது தனியாகப் பயணம் போகிறாள். போன வசந்தத்தில் கடல் தாண்டி பெர்கன் நகரத்துக்குப் போனாள். மழையில் மீன் சந்தையைப் பார்த்துவிட்டு அன்றைக்கே டோர்கிலுக்கு போன் செய்தாள். அப்போது நான் அவர் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். உருளைக்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அடுப்பை அணைத்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ம், சொல்லு" என்றார்.