வெள்ளைப் பூ வந்த காலை

சுந்தரேசனுக்குச் சாமி கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து மங்கையர்க்கரசி ஏற்றும் விளக்கை அவர் கரண்ட் போன நேரத்தில் மட்டுமே மதித்தார். அப்படிப்பட்ட மனிதர் அந்த வெள்ளிக்கிழமை குளித்து, வேட்டி கட்டி, பூஜை அலமாரி முன்னால் வந்து உட்கார்ந்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

விஷயம் சின்னதில்லை. ஹைதராபாத்தில் மத்திய அரசின் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அவர் இன்ஜினியர். குவார்ட்டர்ஸ், கேன்டீன், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. அதை உதறிவிட்டு ஹப்சிகுடாவில் ஒரு கார் ஷெட்டை வாடகைக்கு எடுத்துச் சொந்தக் கம்பெனி தொடங்கப்போவதாக இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டான்செரு ஆலைகளில் பாய்லர் சூடு எல்லை தாண்டினால் மணியடிக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் செய்வாராம். அது 1984. கார் ஷெட்டில் கம்ப்யூட்டர் என்றால் சொந்த மைத்துனனே சிரிப்பான். மங்கைக்குப் பயம்தான் வந்தது.

"பூக்கட்டிப் பாப்போம். முருகன் சரின்னு சொன்னா போங்க" என்றாள். எப்படியும் மறுப்பார் என்று நினைத்துத்தான் சொன்னாள். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று. தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து முருகன் படத்தின் முன் போட்டாள். நான்கு வயது மகள் நீலா எடுக்க வேண்டும். தெருவில் உருதுவும் தெலுங்கும் பேசி வளர்கிற பிள்ளை, "யே வாலா" என்று, இதுதான் என்பதுபோல ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

பிரித்தால் வெள்ளை.

மங்கைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் பிறந்த திருநெல்வேலி வீட்டில் சிவப்பு வந்தால் சரி, வெள்ளை வந்தால் வேண்டாம். எந்த நிறத்துக்கு எந்தப் பதில் என்று கணவரிடம் பேசிவைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியதில்லை. இதில் என்ன சந்தேகம் இருக்கிறது?

"வந்திருச்சு மங்கை, வெள்ளை வந்திருச்சு" என்றார் சுந்தரேசன். "எங்கம்மா வெள்ளை வந்தாத்தான் எதையும் ஆரம்பிப்பாங்க."

அவருடைய ஊரான திருச்சியில் கணக்கு வேறு போலிருக்கிறது. கண்ணில் நீர் வழிய அவர் தரையில் விழுந்து கும்பிட்டார்.

முருகன் யாருக்குப் பதில் சொன்னான்? கேட்டது அவள், போகப்போகிறவர் அவர். உண்மையைச் சொன்னால், பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கும்பிட்டவர் மனசு உடைந்துபோகும். சொல்லாவிட்டால் சாமி வாக்கை மறைத்த பாவம். இன்னொரு தடவை கேட்கவும் கூடாது. அவள் குழம்பிக் குழம்பி இட்லித் தட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் வந்தார். ராஜினாமா கொடுத்தாயிற்று, மேலதிகாரி அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கைகுலுக்கி அனுப்பிவிட்டாராம். காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"உன்கிட்ட சொல்றதுக்கென்ன, உள்ளுக்குள்ள சிவப்பு வரணும்னுதான் வேண்டிக்கிட்டேன்" என்றார். "ஊரெல்லாம் சொல்லிட்டு இப்பப் பின்வாங்க வெக்கமா இருந்துச்சு. சாமியே வேணாம்னுட்டா, அதைச் சாக்கா வச்சு இருந்திரலாம்னு பாத்தேன். வெள்ளை வந்திருச்சே. இனி அவன் விட்ட வழி."

மங்கை அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"எங்க வீட்ல வெள்ளைன்னா வேண்டாம்னு அர்த்தம்" என்றாள்.

அவர் காபியைத் தள்ளிவைத்தார். "காலையிலயே ஏன் சொல்லல?"

"நீங்க அழுதீங்கல்லா. சந்தோஷத்துல அழுதீங்கன்னு நெனச்சேன்."