பத்து நீல விரல்கள்

பல்செட் செய்கிறவள் தன் அக்காவை வரைந்த எண்ணெய்ப் படம் பதினோரு ஆண்டுகளாகியும் காயவில்லை. வெயிலில் வைத்தாலும் காயவில்லை, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாலும் காயவில்லை. முதல் ஆண்டுக் கோடை அந்த ஊருக்கு நினைவு தெரிந்து மிகக் கடுமையான கோடை. குழாய்கள் வற்றின, தபால் பெட்டியின் சிவப்பு சருகு சருகாக உரிந்தது, ஆனால் படத்தில் அக்கா அணிந்திருந்த நீல மேலங்கி மட்டும் தூரிகையை அப்போதுதான் எடுத்த மாதிரி பளபளத்தது. வண்ணக் கடைக்காரர் தன் சரக்கின் மேல் பழி வந்துவிடுமோ என்று பயந்து, அதே புட்டியிலிருந்து எடுத்து ஒரு பலகையில் தடவிப் பார்த்தார். அது நாலே நாளில் காய்ந்தது. படத்தைத் தொட்டால் மட்டும் விரலில் ஒட்டும், தொட்ட இடம் மாலைக்குள் தானாக நிரம்பிவிடும். தூசிதான் ஒட்டவில்லை. உங்க அக்கா இருக்கிற இடத்தில் தூசி எப்படி ஒட்டும் என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், அதற்குமேல் அதைப் பற்றி யாரும் ஆராயவில்லை.

அக்கா முப்பத்தோரு ஆண்டுகள் சமூகக் கூடத்தின் தரையைத் துடைத்தவள். ஆண்டுக்கொரு முறை அந்தக் கூடத்தில் ஊர்க்காரர்கள் வரைந்த படங்களின் கண்காட்சி நடக்கும். தொண்ணூறு படங்கள் வரும், மூன்று நடுவர்கள் பார்த்து நாற்பதைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த நாற்பதும் ஒரு மாதம் சுவரில் இருக்கும். அக்கா முப்பத்தோரு கண்காட்சிகளையும் முழங்கால் உயரத்திலிருந்துதான் பார்த்தாள். எந்தப் படச்சட்டத்தின் கீழ் விளிம்பில் ஆணி துருத்திக்கொண்டிருந்தது, எதில் கறையான் அரித்திருந்தது என்று அவளால் சொல்ல முடியும். படத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் யோசிப்பாள். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அந்தத் தரை துடைக்கும் துணிதான் தங்கையைப் பல்செட் பட்டறைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு நாள் சாயங்காலம் வெந்நீரில் கால்களை ஊறவைத்துக்கொண்டே அக்கா சொன்னாள்:

“ஒரே ஒரு தடவை நான் அந்தச் சுவத்துல உக்காந்திருக்கணும்டி. எல்லாரும் என்னைத் தாண்டியே போறாங்க. ஒருத்தராவது நின்னு பாக்கட்டும்.”

அவ்வளவுதான் சொன்னாள். தங்கை அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் வரையச் சதுரமாக ஒரு கித்தான் வாங்கிவந்தாள். அதுவரை அவள் தொட்ட வண்ணங்கள் பட்டறையில் பற்களுக்கும் ஈறுகளுக்கும் உரியவை மட்டுமே. பதினாறு வகை வெள்ளை அவளுக்குத் தெரியும், புகைபிடிப்பவரின் வெள்ளை, வெற்றுப் பெருமைக்காரரின் வெள்ளை உட்பட. இளஞ்சிவப்பில் ஒன்றுதான் தெரியும், அது ஈறு நிறம். அதனால் படத்தில் அக்காவின் கன்னம் கொஞ்சம் ஈறு மாதிரியே வந்தது. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அக்காவை உட்காரவைத்து நாலு மாத ஞாயிறுகள் வரைந்தாள். பாதி நேரம் அக்காவை உட்காரவைப்பதிலேயே போனது.

“அசையாம இரு அக்கா.”

“அடுப்புல பால் இருக்குடி.”

“அடுப்பே பத்த வைக்கல. உக்காரு.”

“உக்காந்தா உடம்பு வலிக்குதுடி. பழக்கமில்ல.”

படம் காயாததற்கு அக்கா சொன்ன காரணம் ஒன்றுதான். “முப்பத்தோரு வருஷமா என் கையே காஞ்சதில்ல, படம் எப்படிடி காயும்?” சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். தங்கை விண்ணப்பப் படிவத்தில் தலைப்பு என்ற இடத்தில் ‘உட்கார்ந்திருப்பவள்’ என்று எழுதினாள்.

கண்காட்சிக்கு வரும் படங்களைப் பதிந்துகொள்பவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் அவரைத் தராசுக்காரர் என்றது. கடைகளில் படிக்கல்லைத் திருப்பிப் பார்த்தே வயதானவர், அதனால் எதையும் யார் சொல்லியும் நம்பமாட்டார். விதி எண் ஏழு அவர் எழுதியது: ஈரமான படம் ஏற்கப்படாது; படம் காய்ந்ததா என்பதைப் பதிவாளர் தன் விரலால் தொட்டு அறிவார். முதல் ஆண்டு அவர் வலது ஆள்காட்டி விரலைப் படத்தின் கீழ் ஓரத்தில், மேலங்கி முடியும் இடத்தில் வைத்து எடுத்தார். விரல் நுனி நீலமாக இருந்தது. “ஈரம்” என்று எழுதி, “அடுத்த வருஷம் காய வெச்சுக் கொண்டு வாங்கம்மா” என்றார். அன்று வீட்டில் சோப்பு, மண்ணெண்ணெய், மணல் எல்லாம் போட்டுத் தேய்த்தார். நீலம் போகவில்லை, பரவவும் இல்லை. அடுத்த ஆண்டு படம் திரும்ப வந்தபோது அவர் நடுவிரலை நீட்டினார். கறை உள்ள விரலால் சோதித்தால் அது சோதனையே ஆகாது என்பது அவர் உத்தியோகத்தில் கற்ற பாடம். நடுவிரலும் நீலமானது.

மூன்றாம் ஆண்டு வரிசையில் நின்ற ஒருவர் காகிதத்தை ஒற்றிப் பார்க்கலாமே என்றார். “காகிதம் பொய் சொல்லும், விரல் சொல்லாது” என்று தராசுக்காரர் மோதிர விரலை நீட்டினார். நாலாம் ஆண்டு சுண்டு விரல். ஐந்தாம் ஆண்டு கட்டைவிரல். அந்த ஆண்டு எங்கோ கைநாட்டு வைக்கப்போய், மை இல்லாமலே மை பூசியிருக்கிறாரே என்று கேட்டார்களாம். ஆறாம் ஆண்டு இடது கைக்கு மாறினார். வீட்டில் அவர் மனைவி அவரை மாவு பிசைய விடுவதை நிறுத்தினாள். தங்கை ஒவ்வோர் ஆண்டும் படத்தை ஒரு மரப்பெட்டிக்குள் நிற்க வைத்து, பெட்டியைப் பேருந்தில் மடிமேல் வைத்துக்கொண்டு போய்வந்தாள். அப்படியும் நெரிசலில் எப்படியோ கசிந்து, அந்த வழித்தடத்தின் நடத்துநருடைய முழங்கை நிரந்தரமாக நீலமாயிற்று. அவர் அதைப் பற்றிப் புகார் செய்யவில்லை. பெட்டியைப் பார்த்ததும், “அக்கா ஏறியாச்சா? போலாம் ரைட்” என்பார்.

எட்டாம் ஆண்டுக்குமேல் யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அவள் படத்தை மேசையில் நிறுத்துவாள். அவர் விரலை வைத்து எடுத்து அவளுக்குக் காட்டுவார். அவள் தலையாட்டுவாள், பெட்டியை மூடுவாள், இரண்டு மணிப் பேருந்தைப் பிடிப்பாள். நடுவர்கள் மாறினார்கள், கூடத்தின் தரை ஓடுகள் மாறின, அக்காவின் முழங்கால்கள் ஓய்ந்து அவள் சக்கர நாற்காலிக்கு வந்தாள். வாசலில் பெட்டி இடிக்கும் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து கேட்பாள்.

“ஈரமா?”

“ஈரம்.”

“சரி, கை கழுவிட்டு சாப்பிட வா.”

பத்தாம் ஆண்டு தராசுக்காரரின் இடது சுண்டு விரலும் போனது. பதினோராம் ஆண்டு, கண்காட்சிக்கு மூன்று வாரம் முன்பு, மருத்துவர் அக்காவின் மார்பில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, தங்கையை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், இனி மாதக் கணக்கில் பேச வேண்டாம், வாரக் கணக்கில் பேசலாம் என்றார். அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. பதிவு நாளன்று காலையில் தங்கை பெட்டியை எடுத்தபோது அவள் படுக்கையிலிருந்து சொன்னாள்: “விடுடி. எத்தனை தடவைதான் என்னைத் தூக்கிட்டு அலைவே. உன் முதுகைக் கண்ணாடியில பாரு, கொக்கி மாதிரி ஆயிடுச்சு.” தங்கைக்கும் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. கால்கள்தான் பழக்கத்தில் பேருந்து நிறுத்தத்துக்குப் போயின.

மேசையில் படம் நின்றது. தராசுக்காரர் வலது கையை நீட்டினார், பார்த்தார், மடக்கினார். இடது கையை நீட்டினார், மடக்கினார். பத்தும் நீலம். வரிசை நின்றுவிட்டது.

“கால் விரல வெச்சுப் பாருங்க சார்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“மூக்கு இருக்கே, மூக்கு” என்றது இன்னொன்று.

“மேசை மேல ஏறி நின்னுக்கிட்டு நான் கால வைக்கணும், குனிஞ்சு மூக்க வைக்கணும், நீங்க வேடிக்கை பாக்கணும். வாய மூடிட்டு நில்லுங்க” என்றார் தராசுக்காரர். பிறகு தங்கையிடம் தாழ்ந்த குரலில், “விதியில விரல்னுதான் எழுதியிருக்கேன். கைவிரல்னு நெனச்சுத்தான் எழுதினேன்” என்றார், ஏதோ தன் தவற்றை ஒப்புக்கொள்கிறவர் போல. வேறு வழி தெரியாமல், முதல் ஆண்டு வைத்த அதே ஆள்காட்டி விரலை அதே ஓரத்தில் வைத்து எடுத்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார், சன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். வைக்கும் முன் நீலம், வைத்த பின்னும் நீலம். இத்தனை ஆண்டுகளாக அவர் அந்தப் படத்தில் ஓரத்தை மட்டுமே பார்த்திருந்தார், பிறகு தன் விரலைப் பார்த்திருந்தார். விரலில் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாததால் அன்று அவர் கண்கள் மெல்ல மேலே ஏறின. மேலங்கி, மடியில் கோத்த கைகள், ஈறு நிறக் கன்னம்.

“இது நம்ம கூடத்த துடைக்கிற அம்மா இல்ல?”

“துடைச்சவங்க சார். இப்ப முடியல.”

“காலைத் தூக்குங்க சார்னு சொல்லுவாங்க. நானும் தூக்குவேன்.” அவர் படத்தின் பக்கம் குனிந்தார். “முகத்த இப்பத்தான் பாக்கறேன்.”

பிறகு பேனாவைத் திறந்தார். விரலில் புதுக் கறை தெரிந்தால் ஈரம், தெரியாவிட்டால் காய்ந்தது. தெரியவில்லை. பொய் எடையை ஒருபோதும் ஏற்காத அவர், பதிவேட்டில் படத்துக்கு நேரே ‘காய்ந்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நடுவர்கள் அந்த ஆண்டு ஓர் ஓவிய ஆசிரியர், ஒரு புகைப்படக்காரர், கட்டிடம் கட்டுபவர் ஒருவரின் மனைவி. ஆசிரியர், கன்னத்தின் நிறம் சரியில்லை என்று வேண்டாமென்றார். மற்ற இருவரும் வேண்டும் என்றார்கள். ஏன் என்று குறிப்பேட்டில் எழுத இருந்த இடத்தில் ஒருவர், ‘இவர் எழுந்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தார். பரிசு எதுவும் தரவில்லை. நாற்பது படங்களில் நாற்பதாவதாக, கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டினார்கள். அந்த வழியாகத்தான் எல்லோரும் போயாக வேண்டும் என்பதால், எல்லோரும் அங்கே நின்றார்கள்.

மூன்றாம் நாள் தங்கை அக்காவைச் சக்கர நாற்காலியில் அழைத்துவந்தாள். நடத்துநர் நாற்காலியை இறக்கிக் கொடுத்தார். கூடத்துக்குள் வந்ததும் அக்கா முதலில் தரையைத்தான் பார்த்தாள், மூலைகளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிறகு படத்தின் முன்னால் வந்து தலையை உயர்த்தினாள். யாரோ இருவர் ஏற்கெனவே அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலிக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள், ஆனால் போகவில்லை. பதினோரு ஆண்டுகள் வீட்டுச் சுவரில் ஒரு துளிகூடச் சிந்தாத படம் அந்த நேரத்தில் அடி விளிம்பிலிருந்து ஒரு சொட்டை விட்டது. புதுத் தரை ஓட்டின் மேல் அது நீலமாக, நாணய அளவுக்குப் பரந்தது.

“பாரு, வேலைக்கு வந்ததும் தரைய நனைக்க ஆரம்பிச்சிட்டா” என்றாள் அக்கா.

அவளுடைய வலது கை நாற்காலியின் கைப்பிடியை அழுத்தியது. எழப்போகிறாள் என்று நினைத்துத் தங்கை தோளைப் பிடித்தாள். அக்கா சொட்டைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், கையை எடுத்து மடியில் மற்றக் கையோடு கோத்துக்கொண்டாள்.

“இருக்கட்டும். நான் உக்காந்திருக்கேன்.”

பதிவு மேசையிலிருந்து தராசுக்காரர் வந்தார். முழங்கால்கள் சடசடக்கக் குந்தி உட்கார்ந்து, கைக்குட்டையை எடுத்துத் தரையைத் துடைத்தார். அவர் விரல்களுக்கு இனிமேல் ஆக ஒன்றும் இல்லை. அக்கா மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “ஓரத்தையும் துடைங்க சார்” என்றாள். அவர் ஓரத்தையும் துடைத்தார். அவள் கூடம் மூடும்வரை அங்கேயே இருந்தாள், பால் அடுப்பில் இருக்கிறது என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

கண்காட்சி முடிவதற்கு ஆறு நாள் இருக்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா இறந்தாள். தங்கை அவள் கைகளைத் தொட்டுப் பார்த்தாள், காய்ந்திருந்தன. கண்காட்சி முடிந்தும் படத்தை யாரும் கழற்றவில்லை. கழற்றினால் கழற்றுகிறவர் கை நீலமாகும் என்று கூடத்து நிர்வாகம் சொன்னது. தங்கையும் திருப்பிக் கேட்கவில்லை. நாளுக்கு ஒரு சொட்டு, காலை ஒன்பது மணிக்கு. தராசுக்காரர் அந்த நேரத்துக்கு வந்து துடைத்துவிட்டு, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போனார். கூடத்தின் வேலைப் பட்டியலில் சன்னல்களுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே அதற்கும் ஒரு வரி ஒதுக்கினார்கள்.

அடுத்த ஆண்டு தங்கை ஒரு சிறிய படத்தைக் கொண்டுவந்தாள். கண்ணாடி டம்ளருக்குள் ஒரு பல்செட், பதினாறு வெள்ளைகளில். அது இரண்டே நாளில் காய்ந்திருந்தது. தராசுக்காரர் அதைத் தொட்டு, பழக்க தோஷத்தில் விரலைத் தூக்கி அவளுக்குக் காட்டி, ‘காய்ந்தது’ என்று எழுதிக்கொண்டார். நடுவர்கள் மூவரும் வேண்டாமென்றார்கள். திருப்பி வாங்கிப்போக அவள் வந்த காலையில் மேசையில் வரிசை நீளமாக இருந்தது, மணி ஒன்பது தாண்டியும் தராசுக்காரரால் எழ முடியவில்லை. அவள் சிறிய படத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, அக்காவுக்குக் கீழே குந்தி, சொட்டைத் துடைத்தாள், ஓரத்தையும் துடைத்தாள், பேருந்துக்குப் போனாள்.