கையை விட்டுப் போகாத டார்ட்

வியாசர்பாடி குடியிருப்பின் மூன்றாவது மாடியில் இரண்டு வாரமாக யாரும் உரக்கப் பேசவில்லை. காரணம் பீம்ராவ். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். மனைவி சங்கமித்ரா பயிற்சி செய்யும் நேரமெல்லாம் தாழ்வாரத்தில் காவல் நின்றான். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் ஓடிப்போய்க் கதவைத் தட்டினான். குழாயடியில் குடம் உருண்டால் உதட்டில் விரல் வைத்தான்.

"கம்முனு இருங்கப்பா! உள்ள மித்ரா டார்ட்ஸ் ஆடிகினு கீது."

உள்ளே சங்கமித்ராவால் ஆட முடியவில்லை. கோட்டில் நின்று, டார்ட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, முழங்கையை மடக்கி, கையை முன்னால் கொண்டுபோவாள். அந்த நொடியில் விரல்கள் திறக்க மறுக்கும். டார்ட் கையிலேயே நிற்கும். மறுபடி மடக்குவாள், மறுபடி நிற்கும். பத்தாவது முறை எப்படியோ கையைவிட்டுப் போனாலும் அது சுவரில் குத்தும், காலண்டரில் குத்தும், ஒருநாள் தொங்கிக்கொண்டிருந்த பீம்ராவின் காக்கிச் சட்டையில் குத்தியது.

டாக்டர் நரம்பில் கோளாறு ஒன்றும் இல்லை என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். கீழ்வீட்டுக் கன்னியம்மா கண்ணேறு என்று சொல்லி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். விரல்கள் திறக்கவில்லை. போட்டிக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

சங்கமித்ராவுக்கு வேலை எர்ணாவூர் கன்டெய்னர் யார்டில், எடைமேடையில்; டிரைவர்கள் பாஷையில் வேபிரிட்ஜ். சரக்கோடு வரும் டிரெய்லரின் எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் சொல்வதற்குள் அவள் வாய் சொல்லிவிடும். யார்டு வாசலில் அத்தாவுல்லா பாயின் டீக்கடை. துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பதால், டிரைவர்கள் பொழுதுபோக்குவதற்காக பாய் ஒரு பழைய டார்ட்ஸ் போர்டைக் கடைச் சுவரில் மாட்டியிருந்தார். ஏதோ ஒரு கப்பலிலிருந்து கழித்துப்போட்ட போர்டு. ஐந்நூற்றொன்றிலிருந்து தொடங்கி, விழும் எண்ணைக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் எண்ணை இரட்டிப்பாக்கும் ஓரத்து மெல்லிய டபுள் வளையத்தில் எறிந்து பூஜ்யம் ஆக்க வேண்டும். கழித்தல் கணக்கு என்றதும் சங்கமித்ரா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டாள். அது நான்கு வருஷத்துக்கு முந்திய கதை. இப்போது அந்தச் சாலையில் அவளை ஜெயிக்க டிரைவர் எவரும் இல்லை.

தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான போட்டி ராயபுரத்தில் நடக்கப்போகிறது, யார் வேண்டுமானாலும் தகுதிச் சுற்றில் கலந்துகொள்ளலாம் என்று செய்தி வந்தபோது, பாய்தான் அவள் பெயரைக் கொடுத்தார். தகுதிச் சுற்று கொருக்குப்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகையில், தண்டவாளத்தை ஒட்டி நடந்தது. கூட்ஸ் வண்டிகள் தடதடவென்று போய்க்கொண்டிருக்க, சங்கமித்ரா ஆறு பேரை வரிசையாக வீழ்த்தினாள். அன்று இரவே பீம்ராவ் புதுப் போர்டு வாங்கி வந்து, இனி டீக்கடைப் பக்கம் போக வேண்டாம், வீட்டிலேயே ஒழுங்காகப் பழகு என்றான். அதற்குப் பிறகுதான் கை நின்றுபோனது.

போட்டி நடந்த மண்டபத்தில் ஏசி ஓடியது. தரையில் கம்பளம். மேடையில் போர்டு, அதன்மேல் வட்ட விளக்கு. நடுவர் டெபோரா, கறுப்புக் கோட்டுப் போட்ட உயரமான பெண்மணி, மைக்கில் சொன்னார்: "ஆட்டக்காரர் எறியும்போது பார்வையாளர்கள் அமைதி காக்கவும்." முன்வரிசையில் இருந்த பீம்ராவ் எழுந்து திரும்பி, மொத்தக் கூட்டத்துக்கும் உதட்டில் விரல் வைத்துக் காட்டினான்.

எதிரே நின்றவர் பெனிட்டோ. தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பலில் இன்ஜினியர், லீவில் வந்து ஆடுகிறவர். கையைக் குலுக்கி, "நல்லா ஆடுங்கம்மா" என்றார். மூன்று ஆட்டம் முதலில் எடுப்பவருக்கு வெற்றி, அவருக்குக் கால் இறுதி.

முதல் ஆட்டம் பெனிட்டோவுக்கு. இரண்டாவதும் அவருக்கே. அவரும் ஒன்றும் பிரமாதமாக ஆடவில்லை. டபுளை ஏழெட்டுத் தடவை தவறவிட்டார். ஆனால் சங்கமித்ரா கோட்டில் கொக்கு மாதிரி நின்றாள். கை போகும், வரும், போகும், வரும். மண்டபத்தில் யாரோ இருமலை அடக்கும் சத்தம்கூடக் கேட்டது. இப்படியே இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது அவளுக்கு.

மூன்றாவது ஆட்டத்தின் நடுவில் பின்கதவு படாரென்று திறந்தது. அத்தாவுல்லா பாயும் அவருக்குப் பின்னால் பதினைந்து டிரைவர்களும் உள்ளே வந்தார்கள். வண்டியை வரிசையில் விட்டு வர நேரமாகிவிட்டிருந்தது.

"அக்கோவ்! வேபிரிட்ஜ் அக்கோவ்! நாங்க வந்துட்டோம்!"

ஒருவன் வாயாலேயே ஏர்ஹாரன் அடித்தான். மண்டபம் முழுக்க அது எதிரொலித்தது. சங்கமித்ராவின் கையிலிருந்து டார்ட் பறந்து, இருபதின் ட்ரிபிளில் போய்க் குத்தி நின்றது.

"அறுபது" என்ற டெபோரா, கூட்டத்தை முறைத்தார். "அமைதி! தயவுசெய்து அமைதி!" டிரைவர்கள் அடங்கி உட்கார்ந்தார்கள். அடுத்த டார்ட்டை எடுத்தாள். கை நின்றது.

அவள் கையைக் கீழே இறக்கினாள். டீக்கடையை நினைத்தாள். ஹாரனும் எஞ்சினும் பாய் வைக்கும் பாட்டும் இல்லாமல் அங்கே ஒருநாளாவது அவள் எறிந்ததுண்டா? கொட்டகையில் கூட்ஸ் வண்டி. வீட்டில்? வீட்டில் பீம்ராவ் மாடி முழுக்க வாயைக் கட்டிப்போட்டு வைத்திருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடையிலேயே வாய்விட்டுச் சிரித்தாள்.

"இன்னாம்மா, உடம்பு சரியில்லியா?" என்று டெபோரா மைக்கை மறைத்துக்கொண்டு கேட்டார். கோட்டுக்குள்ளே அவரும் ராயபுரத்துக்காரர்தான் போலிருக்கிறது.

"மேடம், அவுங்க கத்தட்டும். சத்தம் இல்லாங்காட்டி எனுக்குக் கை ஓட மாட்டேங்குது."

"ரூல் அப்டி இல்லியேம்மா. எதிராளி ஒத்துகினா வேணா பாக்கலாம்."

இருவரும் பெனிட்டோவைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நானே கேக்கணும்னு இருந்தேன் மேடம். இருபது வருஷமா இன்ஜின் ரூமுக்குப் பக்கத்துல ஆடிப் பழகினவன். இங்க என் மூச்சுச் சத்தம் எனக்கே கேக்குது. டபுள் ஒண்ணுகூட விழமாட்டேங்குது. கத்தச் சொல்லுங்க, நல்லாக் கத்தச் சொல்லுங்க."

டெபோரா மேசைக்குப் போய் அமைப்பாளர்களிடம் குனிந்து பேசிவிட்டு வந்தார். மைக்கை வாயருகே கொண்டுபோனார். "இந்த மோதல் முடியும்வரை மட்டும், இருவர் சம்மதத்தோடு, பார்வையாளர்கள் சத்தம் போடலாம்."

ஆனால் யாரும் சத்தம் போடவில்லை. போடலாம் என்று சொன்னதும் எல்லோருக்கும் கூச்சம் வந்துவிட்டது. சங்கமித்ரா முன்வரிசையைப் பார்த்தாள். பீம்ராவின் விரல் இன்னும் உதட்டில்தான் இருந்தது.

"யோவ், கத்துய்யா!"

"இன்னான்னு கத்துறது?"

"இன்னாத்தையாவது கத்து!"

பீம்ராவ் நாற்காலிமேல் ஏறி நின்றான். இருபது வருஷமாக ஆட்டோவுக்கு ஆள் பிடிக்கக் கத்துவதைத்தான் அவனால் கத்த முடிந்தது. "மூலக்கடை, வியாசர்பாடி, மிண்ட்! மிண்ட் மிண்ட் மிண்ட்! ரெண்டு சீட்டு கீது, ஏறு ஏறு!"

மண்டபம் அதிர்ந்தது. டிரைவர்கள் ஏர்ஹாரனைத் தொடங்கினார்கள், பாய் பிளாஸ்டிக் நாற்காலியில் தாளம் போட்டார், மற்ற ஊர்களிலிருந்து வந்திருந்த ஆட்டக்காரர்கள்கூட விசிலடித்தார்கள். சங்கமித்ராவின் விரல்கள் கதவு மாதிரி திறந்தன. மூன்றாவது ஆட்டம் அவளுக்கு. நான்காவதும் அவளுக்கு. சும்மா வந்துவிடவில்லை, பெனிட்டோவும் இப்போது வேறு ஆளாக ஆடினார், ஒருமுறை மூன்று டார்ட்டில் நூற்றெண்பது போட்டுவிட்டு, தொப்பியைக் கூட்டத்துக்கு வீசினார்.

ஐந்தாவது ஆட்டத்தின் முடிவில் அவருக்குத் தேவை இருபத்துநான்கு, அதாவது பன்னிரண்டின் டபுள். மூன்று டார்ட்டும் கம்பிக்கு வெளியே, ஒரு மயிரிழையில் போயின. அவளுக்கு ஐம்பத்தாறு. முதலில் பதினாறு, மிச்சம் நாற்பது. இருபதின் டபுளைக் குறிவைத்தாள். கம்பியில் பட்டுக் கீழே விழுந்தது. கூட்டம் ஐயோவென்றது. பீம்ராவின் குரல் அதற்குள் கீச்சென்று ஆகிவிட்டிருந்தது. "மிண்ட்... மிண்ட்..."

கடைசி டார்ட். கை போனது, நிற்கவில்லை. மெல்லிய சிவப்பு வளையத்தின் நடுவே குத்தியது.

டெபோரா அறிவித்தது யாருக்கும் கேட்கவில்லை. பெனிட்டோ அவள் கையைப் பிடித்து உயரத் தூக்கினார். "பொல்லாத கைம்மா இது" என்று சிரித்தார். பீம்ராவ் நாற்காலியிலிருந்து இறங்கத் தெரியாமல் அங்கேயே அழுதுகொண்டு நின்றான்.

சாயங்காலம் கால் இறுதியில் தேசிய சாம்பியன் ஒருவரிடம் அவள் ஒன்றுக்கு மூன்று என்று தோற்றாள். அவரும் சம்மதித்ததால் கூச்சல் இருந்தது, கையும் நிற்கவில்லை. அவர் அவளைவிட நன்றாக ஆடினார், அவ்வளவுதான். அவளுக்கு வருத்தமே இல்லை. கால் இறுதி வரை வந்தவர்களுக்கு அடுத்த மாதம் கொச்சியில் நேரடியாக இடம் உண்டு என்று அமைப்பாளர்கள் சொன்னதும், பாய் எல்லோரையும் பிரியாணிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். பெனிட்டோவும் வந்தார்.

"கொச்சிக்கு ஒண்டியா அனுப்ப முடியாது" என்றான் பீம்ராவ். குரல் தேய்ந்துபோய்க் காற்றுதான் வந்தது. "மாடில எத்தினி பேருன்னு பாக்கணும். கன்னியம்மா வரும். டிரைவருங்க ஒரு எட்டு பேர். ரயில்ல ஒரு பொட்டியே புடிச்சிடலாம்."

"எனக்கும் ஒரு சீட்டுப் போடுங்க" என்றார் பெனிட்டோ. "கப்பல் ஏற இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. கத்துறதுக்கு ஆள் வேணும்ல?"

சங்கமித்ரா எலும்பைக் கடித்துக்கொண்டே தலையாட்டினாள். யார்டில் எத்தனை நாள் லீவு கேட்பது என்று யோசித்தாள். மூன்று நாள் போதும். நான்காகக் கேட்டால் கடலும் பார்க்கலாம் என்று தோன்றியது. தினமும் கடலோரத்தில் வேலை பார்க்கிறவளுக்கு எதற்கு இன்னொரு கடல் என்று நினைத்தும், நான்காகவே கேட்பது என்று முடிவு செய்துவிட்டு, இன்னொரு பிளேட் சொன்னாள்.