வரவேற்பறைக்கு மூன்று முக்கோணங்கள்

வெள்ளைக் கையுறை மாட்டிய கைகளால் மலீஹா அச்சுப்படத்தின் இரு ஓரங்களையும் பிடித்து மேசைமேல் கிடத்தினாள். தடித்த பருத்திக் காகிதம். சாம்பல் பின்னணியில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த மூன்று முக்கோணங்கள். விளிம்பில் எங்காவது மை விட்டுப்போயிருக்கிறதா என்று விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள். பார்வை நிலைக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி போனைத் திறந்தாள். ஒன்றும் வந்திருக்கவில்லை.

அவளுடைய வொர்க் பெர்மிட் இன்றோடு முடிகிறது. கணவன் பாசிலின் விசாவை ஒட்டிக் கிடைத்த அனுமதி. புதுப்பிக்க எப்போதோ அனுப்பியாயிற்று. முன்பென்றால் அனுப்பியிருந்தாலே வேலையில் தொடரலாம். இப்போது விதி மாறி, புது பெர்மிட் அட்டை கைக்கு வந்தாக வேண்டும். பிளசன்டனில் இந்த அச்சுக்கூடத்தில் சேர்வதற்கு முன், அபார்ட்மென்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தாள்.

மத்தியானம் ஜம்புநாதனும் அவர் மனைவி ஜலஜாவும், சட்டம் போட்டு வைத்திருந்த படத்தை வாங்கிப்போக வந்தார்கள். புது வீட்டுக்காக ஆர்டர் கொடுத்திருந்தார்கள்.

"நூறு வருஷம் ஃபேட் ஆகாதுன்னீங்களே, ஜன்னலுக்கு எதிர்ல மாட்டலாமா?" என்றாள் ஜலஜா.

"நேர் வெயில் படாம இருந்தா நல்லது ஆன்ட்டி."

"அப்போ நாளைக்கு நீங்களே வந்து மாட்டிக் குடுத்துடுங்களேன்."

"நாளைலேர்ந்து நான் இங்க இல்ல ஆன்ட்டி. பெர்மிட் முடியுது. காசு வாங்கிட்டு எந்த வேலையும் செய்யக் கூடாது."

ஜம்புநாதன் உச்சுக்கொட்டினார். "நாங்களும் கிரீன் கார்டுக்கு எவ்ளோ வெயிட் பண்ணோம்! வந்துரும்மா."

ஜலஜா அவள் தோளைத் தொட்டாள். "அப்போ வேலைன்னு வேண்டாம். நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி வா. லஞ்ச் சாப்ட்டுப் போலாம்."

மலீஹா வருவதாகத் தலையாட்டினாள். கடை மூடும்போது, பெர்மிட் கார்டு வந்ததும் கூப்பிடச் சொல்லிவிட்டு முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். அதுவரை அவள் இடம் காலியாக இருக்கும் என்று சொல்லவில்லை.

"சும்மா எதுக்கு அவங்களுக்குப் போய் வேலை செய்யணும்?" மறுநாள் காலையில் பாசில் கேட்டான்.

"இங்க உக்காந்து செவுத்தையே பாத்துட்டு இருக்கச் சொல்றீங்களா?" செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஜலஜாவின் வரவேற்பறையில் ஏணியின் மேல்படியில் நின்று, சட்டமிட்ட படத்தைச் சுவரோடு தூக்கிப் பிடித்தாள். கண்ணாடியோடு நல்ல கனம்.

"லெஃப்ட்ல கொஞ்சம்," என்றாள் ஜலஜா.

"ரைட்ல இருந்ததுதான் கரெக்ட்," என்றார் ஜம்புநாதன்.

"சோபாலேர்ந்து பாத்தாத்தான் தெரியும். அப்படியே பிடிச்சுக்கோம்மா."

இருவரும் போய் உட்கார்ந்து, சோபாவையே மாற்றிப் போடலாமா என்று பேச ஆரம்பித்தார்கள். படம் அசையாமலிருக்க, மலீஹா நெற்றியைச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து நின்றாள்.