வெள்ளி விடிஞ்சா சனி

கச்சேரி ரோட்டு ஜெராக்ஸ் கடையில் அந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகக் கண்ணாடியில் கவிழ்த்து நகலெடுத்தவள் நான். இருநூற்று நாற்பது பக்கம், மூன்று நாள் வேலை. மெஷின் சூடு ஆறுகிற நேரத்தில் எல்லாம் படித்தும் விட்டேன். நகலை வாங்க வந்த வெங்கடரமணனிடம், "சண்டைல ஒரு சுத்துக்கு ஒரு நிமிஷம்னு போட்டுகீதே, அந்த ஒரு நிமிஷத்துல ஓடறவன் எவ்ளோ தூரம் ஓடுவான்?" என்று கேட்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிறே தெற்கு மாட வீதியில் தன் வீட்டு மாடிக்கு விளையாட வரச் சொல்லிவிட்டான்.

விளையாட்டு ரொம்ப எளிது. ஆளுக்கு ஒரு காகிதம், அதில் ஒரு வீரன். வெங்கட் கதை சொல்வான். குகை, கோட்டை, பூதம் எல்லாம் அவன் பொறுப்பு. நம் வீரன் என்ன செய்கிறான் என்று நாம் சொல்ல வேண்டும். அடி விழுந்ததா இல்லையா என்பதை, பையில் கைவிட்டு எடுக்கும் டம்போலா காய் முடிவு செய்யும். ஒன்றிலிருந்து இருபது வரை எண் போட்ட இருபது காய்கள். புத்தகத்தில் எழுதாத விஷயத்துக்கு வெங்கட் சொன்னதே சட்டம். ஆனால் ஒரு தடவை சொல்லிவிட்டால் அவனே நினைத்தாலும் மாற்றக் கூடாது.

ஜவஹர் வாள்வீரன். ஸ்ரீகிருஷ்ணா மந்திரவாதி. இரண்டு பேரும் வெங்கட்டோடு காலேஜில் படிப்பவர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்காமல், "நீ புதுசு, மூட்டை தூக்கு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வாள் இல்லை, மந்திரம் இல்லை, உயிரும் ஐந்தே ஐந்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரி, மூட்டைக்குள் என்ன போகிறது என்பதாவது என் கையில் இருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முதல் நாளே எழுதினேன்: எண்ணெய்க் குடுவை நான்கு, மிளகாய்த்தூள், கருவாடு, மீன் வலை ஒன்று.

"குகைக்குள்ள மீனா பிடிக்கப் போற?" என்று ஜவஹர் சிரித்தான்.

"எங்கம்மா நொச்சிக்குப்பத்துல மீன் விக்குது நைனா. வலை இன்னா பண்ணும்னு உனக்கு இன்னா தெரியும்?" என்றேன்.

மூன்று ஞாயிறு குகைக்குள் நடந்தோம்; கதையில் அது ஒரே ராத்திரிதான். ஸ்ரீகிருஷ்ணாவின் அக்னி மந்திரமும் ஜவஹரின் ரெட்டை வீச்சும் நாளுக்கு ஒரு முறைதான். அவர்களோ, எலி மாதிரி வந்த இரண்டு குட்டிப் பிசாசுகள் மேல் இரண்டையும் வாரி இறைத்துவிட்டு, அடுத்த சண்டையில் எண்ணெய் கொடு, மிளகாய் கொடு என்று என்னிடம் வந்து நின்றார்கள். ஒரு சொட்டு கொடுக்கவில்லை. கெஞ்சினாலும் கொடுக்கவில்லை.

கடைசி ஞாயிறு, பூதத்தின் அறை வாசலில், ஸ்ரீகிருஷ்ணா பேனாவை வைத்துவிட்டுச் சொன்னான். "உன் கஞ்சத்தனத்தால இன்னிக்குச் செத்தோம்னா, அடுத்த வாரம் இந்த நாற்காலில என் கசின் உக்காருவான்." ஜவஹர் தலையாட்டினான். வெங்கட் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு நாளும் மெஷின் முன்னால் நின்றுகொண்டு, "பின்பக்கமும் எடுக்கணுமா சார்?" என்று கேட்பதைத் தவிர நான் வாயைத் திறப்பதில்லை. நான் சொல்வதை மூன்று பேர் காது கொடுத்துக் கேட்கிற இடம் உலகத்தில் இந்த நாற்காலி ஒன்றுதான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

உள்ளே நுழைந்ததும் பின்னால் பாறை விழுந்து வழி அடைத்துக்கொண்டது. எதிரே கல் தோல் போர்த்த பூதம். அக்னி மந்திரம் பட்டால்தான் தோல் வெடிக்கும்; வெடித்தால்தான் வாள் இறங்கும்.

"மணி நடுராத்திரி தாண்டியாச்சோன்னோ? மறுநாள் ஆயிடுத்து. என் மந்திரத்தைத் திருப்பிக் குடு," என்றான் ஸ்ரீகிருஷ்ணா.

நாள் எப்போது தொடங்கும் என்று புத்தகத்தில் இல்லை. நாளுக்கு ஒரு முறை என்று மட்டும்தான் போட்டிருக்கிறது, அறுபத்தோராம் பக்கம். வெங்கட் பெருமையாகச் சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து அப்பாவின் பஞ்சாங்கத்தை எடுத்துப் பிரித்தான்.

"நம்மாத்துல விடிஞ்சாத்தாண்டா மறுநாள். இது வெள்ளி விடிஞ்சா சனி. சூரியோதயம் ஆறு ரெண்டுக்கு. குகைல இப்போ மணி அஞ்சு அம்பது. அதனால இன்னும் வெள்ளிக்கிழமைதான்." காகிதத்தைத் தட்டினான். "முழு பலத்தோட வந்திருந்தா ஜெயிச்சிருப்பேள். இப்போ மூணு சுத்து தாங்கினா ஜாஸ்தி. தராசுல வச்சு நிறுத்தாப்பல கணக்குப் போட்டு வச்சிருக்கேன்."

மற்ற இருவர் முகமும் தொங்கிவிட்டது. எனக்கு மட்டும் ஒரே ஒரு எண் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நிமிடம். பன்னிரண்டு சுற்று.

"நீங்க ரெண்டு பேரும் என் பின்னால நில்லுங்க," என்றேன். "மிளகாய்த்தூளைக் கண்ணுல வீசறேன்."

காய் நல்லதாக விழுந்தது. பூதம் இரண்டு சுற்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றது. அடுத்து நான்கு குடுவை எண்ணெயையும் தரையில் கொட்டினேன். மூன்று சுற்று வழுக்கி வழுக்கி விழுந்தது. ஜவஹர் சிரிக்க ஆரம்பித்தான். எழுந்து வந்ததும் கருவாட்டுப் பொட்டலத்தைத் தூக்கி எறிந்தேன். வெங்கட் மாடிப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பூதம் அதெல்லாம் சாப்பிடுமா?"

"உங்காத்துப் பூதம்னா சாப்பிடாது. இது குகைல கீற பூதம். துன்னும்."

தின்றது. இரண்டு சுற்று. அப்புறம் வலை. எங்கே முடிச்சு, எந்தப் பக்கம் வீச்சு, காலில் எப்படிச் சுற்றும் என்று நான் சொல்லச் சொல்ல, வெங்கட் வாயைத் திறந்தபடி கேட்டான். காய் எடுக்கச் சொல்லக்கூட மறந்துவிட்டான். "நாலு சுத்து," என்று அவனாகவே கொடுத்தான்.

பதினொரு சுற்று ஆயிற்று. பூதம் வலையைக் கிழித்துக்கொண்டு வந்தது. என் காகிதத்தில் ஒரு சாமானும் இல்லை.

"அவ்வளவுதான்," என்றான் ஸ்ரீகிருஷ்ணா.

"மூட்டை காலியாச்சுல்ல? அந்தக் காலிக் கோணி கீது. அதை அது தலைல கவுக்கறேன்."

"கிட்டக்கப் போகணுமே," என்றான் வெங்கட். "பத்துக்கு மேல வந்தா கவுத்துடலாம். இல்லேன்னா நீ காலி."

பைக்குள் கையை விட்டேன். எடுத்து மேஜையில் வைத்தேன். பதினொன்று.

கோணிக்குள் பூதம் தடுமாறிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"வெங்கட், இப்ப மணி இன்னா?"

"பன்னெண்டு சுத்து ஆயிருக்கு. அஞ்சு அம்பதும் பன்னெண்டும்... ஆறு ரெண்டு."

"இன்னா கிழமை?"

பஞ்சாங்கத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி பஞ்சாங்கத்தைப் பார்த்தான். சொன்னதை மாற்றக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம்தான்.

"சனி," என்றான்.

ஸ்ரீகிருஷ்ணா துள்ளி எழுந்ததில் அவன் நாற்காலி பின்னால் சாய்ந்தது. அக்னி மந்திரம் போட்டான், கல் தோல் வெடித்தது. ஜவஹர் ரெட்டை வீச்சு வீசினான். பூதம் என் கோணியோடு சேர்ந்து விழுந்தது. கீழேயிருந்து வெங்கட்டின் அம்மா, "என்னடா சத்தம்?" என்று கேட்கிற அளவுக்குக் கத்தினோம். அவ்வளவு பெருமை எனக்கு அதற்கு முன்னால் எதிலும் வந்ததில்லை. கண்ணில் நீர் வந்தது, துடைக்கவும் இல்லை.

வெங்கட் தன் கணக்குக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாளைப் போட்டேன், மந்திரத்தைப் போட்டேன். மூட்டையைக் கணக்குல சேக்கவே இல்லை," என்றான். கோபமில்லை, ஆச்சரியம்தான்.

எல்லாம் அடங்கிய பிறகு ஸ்ரீகிருஷ்ணா தொண்டையைக் கனைத்தான். "ஷீலா, அடுத்த வாரம் என் கசின்... அவன் சும்மா ஓரமா உக்காந்து பாக்கறேங்கறான். வரட்டுமா?"

"ஓரமா எதுக்கு? வந்து விளையாடட்டும்," என்றேன். "மூட்டை தூக்க ஆள் வேணும்."