கடைசியில் வரும் இல்லை

என் தொழில் மிக்சிங் என்றால் "சிமெண்டா?" என்று கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலப்பவள் நான். ஒரே பாட்டு ஸ்டூடியோவில் ஒரு மாதிரி கேட்கும், இயர்போனில் ஒரு மாதிரி, குழாய் ஓடும் சமையலறையில் வேறு மாதிரி. எல்லா இடத்திலும் போட்டுப் பார்த்துத்தான் அனுப்புவேன்.

அக்கா பாடிய பாட்டையும் அப்படித்தான் அனுப்பினேன். அம்மாவை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டையில் அக்காவும் லாரி ஓட்டும் எங்கள் தம்பியும் ஒரு வருஷமாகப் பேசவில்லை. நேரில் சொல்ல வாய் வராமல், "உன்மேல் எனக்குக் கோபம் இல்லை" என்று அவளே எழுதிப் பாடிக் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசிவிட மாட்டானா என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதில் எனக்குத்தான் வந்தது. பாட்டுக் கட்டித் திட்டுகிற அளவுக்குப் போய்விட்டாளா, இனி அவள் முகத்தில் முழிக்கமாட்டேன் என்றான். அக்கா அழுதாள். எனக்கோ மண்டை குடைந்தது. அந்தப் பாட்டில் திட்டு எங்கே இருக்கிறது?

மறுநாளே அவன் லாரியில் ஏறி உட்கார்ந்து, வண்டியை ஓட்டிக்கொண்டே பாட்டைப் போடச் சொன்னேன். முறைத்தான், ஆனாலும் போட்டான். மேட்டில் எஞ்சின் உறுமியது. "உன்மேல் எனக்குக் கோபம்" என்று அக்கா பாடினாள். அவ்வளவுதான். மிச்சத்தை எஞ்சின் விழுங்கிவிட்டது. அடக் கடவுளே! நம் பேச்சில் "இல்லை" என்பது கடைசியில்தானே வருகிறது. அங்கே அக்கா குரலை இறக்கியிருந்தாள். உருக்கமாக இருக்கிறதே என்று நானும் அதன் அடியில் டிரம்மைச் சேர்த்துத் தொலைத்திருந்தேன். ஊரெல்லாம் போட்டுப் பார்த்த மகராசி, நாளெல்லாம் லாரியிலேயே கிடப்பவன் காதுக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

குலுங்கிக் குலுங்கி, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு டிரம்மை இறக்கினேன், அந்த "இல்லை"யை ஏற்றினேன். மறுபடி போட்டேன். இந்த முறை எஞ்சினை மீறிக்கொண்டு அது கேட்டது.

தம்பி லாரியை ஓரங்கட்டினான். இது புதிதாகப் பாடியதா என்று கேட்டான். அதே குரல்தான், அளவை மட்டும் மாற்றினேன் என்றேன். அவன் நம்பவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுப் பழையதைப் போட்டான். அதிலும் அந்த "இல்லை" இருந்தது, மெல்ல, தெளிவாக.

"அப்போ பெரியக்கா மொதல்லயே சொல்லிட்டாளா?"

"சொல்லிட்டா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டான். மணி அடிக்கும்போதே, பழக்கதோஷத்தில், அவன் கை சாவிக்குப் போனது. தட்டிவிட்டேன்.

"பேசி முடிச்சிட்டு வண்டிய எடுடா" என்றேன்.